புரோட்டான் மோதலில் ஜெட்டை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி வரும் சந்தேகங்கள்

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி (புரோட்டான்களை வேகமாக ஓட்டி மோதவிடும் பெரிய வளைய இயந்திரம்) பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி ஹிக்ஸ் போசானாக இருக்கும், இரண்டாவது கருந்துளை. அந்த இரண்டையும் தாண்டி வருபவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொள்வது ஜெட் என்ற சொல்லில். ஒரே கேள்விக்குப் பல தடவை பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

ஜெட் என்றால் விமானம்தானே? துகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

விமானத்தை மறந்துவிடுங்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சுமே, அந்தப் பீய்ச்சல்தான் ஜெட். இரண்டு புரோட்டான்கள் பலமாக மோதும்போது, உள்ளே இருக்கும் குவார்க்கோ, குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவானோ தெறித்து வெளியேறப் பார்க்கிறது. நம் கருவிக்கு வந்து சேர்வது அந்தக் குவார்க் இல்லை. அது போன திசையில் நெருக்கமாகப் பாயும் பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட துகள்கள். பயான், கேயான், புரோட்டான் (குவார்க்குகள் சேர்ந்து உண்டான இவ்வகைத் துகள்களுக்குப் பொதுப்பெயர் ஹாட்ரான்), பயான் சிதைந்து வந்த ஃபோட்டான் எனும் ஒளித்துகள் என்று எல்லாம் கலந்த கூட்டம். இந்தக் கூட்டத்துக்குத்தான் ஜெட் என்று பெயர்.

குவார்க்கையே நேராகப் பிடித்து அளந்துவிட வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சுற்றுவழி?

முடிந்தால் செய்திருப்பார்கள். மின்விசையும் ஈர்ப்பும் தூரம் கூடக் கூடக் குறையும், குவார்க்குகளுக்கு இடையே உள்ள வலுவிசை அப்படி இல்லை. இரண்டு குவார்க்குகளைப் பிரித்து இழுத்தால் நடுவில் ரப்பர் நாடா மாதிரி ஒரு இழுவை, அதுவும் தூரம் கூடினாலும் தளராத இழுவை. கணக்குப் போட்டால் சுமார் 16 டன் எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு விசை வருகிறது, ஒரு புரோட்டானைவிடச் சிறிய பொருள் மீது! நாடா அறுவதற்கு முன்பே அதில் தேங்கிய ஆற்றல் புதிய குவார்க் ஜோடியாக மாறிவிடும், அந்த ஜோடியும் ஏற்கெனவே இருந்தவற்றோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி இழுபடும், மறுபடி ஜோடி பிறக்கும். கடைசியில் கையில் கிடைப்பது கூட்டம் மட்டும்.

குவார்க் வகைகளில் மிகக் கனமான டாப் குவார்க் மட்டும் விதிவிலக்கு. இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பிக்கும் முன்பே அது சிதைந்து போய்விடும். ஆனால் சிதைந்து வருவதிலும் குவார்க் உண்டு, அது ஜெட்டாகத்தான் வரும், தப்பிக்க வழியில்லை.

இதெல்லாம் எல்எச்சி வந்த பிறகு கண்டுபிடித்ததா?

இல்லை, அரை நூற்றாண்டுக் கதை. 1975-ல் கலிபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வகத்தின் ஸ்பியர் வளையத்தில் எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில் துகள்கள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் குவிவதற்கு முதல் சான்று கிடைத்தது. 1979-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், பெட்ரா வளையத்தில், மூன்று ஜெட் கொண்ட நிகழ்வுகள் தென்பட்டன. மூன்றாவது ஜெட் குளுவானுடையது. குளுவான் இருப்பதை நம்ப வைத்ததே ஜெட்தான்.

புரோட்டான் சம்பந்தப்பட்ட மோதல் இன்னும் குப்பையானது, அதனால் அங்கே தெளிவாகப் பார்க்கக் கொஞ்சம் தாமதமானது. 1982-ல் செர்னின் யுஏ2 குழு, புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதியதில் இரண்டு ஜெட்கள் முதுகோடு முதுகு காட்டி நிற்கும் நிகழ்வுகளைக் காட்டியபோது சந்தேகம் தீர்ந்தது.

எல்லோரும் 'குறுக்கு உந்தம்' என்கிறார்களே, நேராக ஆற்றலைச் சொன்னால் என்ன?

மோதுவது புரோட்டான் என்கிறோம், உண்மையில் மோதிக்கொள்வது ஒரு புரோட்டானின் ஏதோ ஒரு துண்டும் இன்னொன்றின் ஏதோ ஒரு துண்டும்தான். அந்தத் துண்டு புரோட்டானின் உந்தத்தில் பாதியைச் சுமந்ததா, நூறில் ஒரு பங்கைச் சுமந்ததா என்று மோதும் முன் யாருக்கும் தெரியாது. ஒன்று கனமாகவும் மற்றது இலேசாகவும் இருந்தால் மொத்தக் கூட்டமும் கற்றையின், அதாவது வளையத்தில் ஓடிவரும் புரோட்டான் ஓட்டத்தின், திசையில் அடித்துச் செல்லப்படும். அந்தத் திசையில் வரவு செலவுக் கணக்கு நேராகாது.

கற்றைக்குக் குறுக்கான திசையில் மோதலுக்கு முன் உந்தம் கிட்டத்தட்ட சுழி. ஆகவே பின்னும் சுழியாகவே இருக்க வேண்டும். ஒரு ஜெட் இடப்பக்கம் 500 ஜிஇவி குறுக்கு உந்தத்தோடு போனால் வலப்பக்கம் யாரோ அதை ஈடுகட்டியாக வேண்டும். இந்த ஒரு பிடிமானத்தை வைத்துத்தான் மற்ற எல்லாமே. (ஜிஇவி என்பது நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட், டிஇவி அதன் ஆயிரம் மடங்கு. எல்எச்சி 2010-ல் 7 டிஇவியில் இயற்பியல் ஓட்டத்தைத் தொடங்கியது, 2015-ல் 13, 2022 முதல் 13.6.)

ஜெட்டை அளப்பது எது? பெரிய கேமரா மாதிரி ஏதாவதா?

கேமரா என்று செய்திகளில் எழுதுவார்கள், எனக்கு அந்த உவமை பிடிக்காது. கலோரிமீட்டர் என்பது துகளை முழுக்க விழுங்கி, விழுங்கிய ஆற்றலை ஒளியாகவோ மின்னூட்டமாகவோ கணக்குக் காட்டும் தடித்த சுவர். எல்எச்சி மோதல்களைப் பார்க்கும் பெரிய கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸில் எலெக்ட்ரான், ஃபோட்டானுக்கு சுமார் 76,000 ஈய டங்ஸ்டேட் படிகங்கள், அதற்குப் பின்னால் ஹாட்ரான்களை விழுங்கப் பித்தளை அடுக்குகள். அந்தப் பித்தளையில் ஒரு பகுதி ரஷ்யக் கடற்படையின் பழைய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கி வந்தது. காந்தச் சுருளையும் தாண்டித் தப்பும் மிச்ச ஆற்றலைப் பிடிக்க வெளியே இன்னொரு அடுக்கு, அதைச் செய்ததில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. இன்னொரு பெரிய கருவியான அட்லஸில் உள்ளே ஈயமும் திரவ ஆர்கானும், வெளியே எஃகும் ஒளிரும் பிளாஸ்டிக் ஓடுகளும்.

ஆனால் கலோரிமீட்டரை மட்டும் நம்பினால் பாதிக் கிணறுதான். ஒரு சராசரி ஜெட்டின் ஆற்றலில் 65 சதவீதம் போல மின்னூட்டம் உள்ள துகள்களில், 25 சதவீதம் ஃபோட்டான்களில், மீதி 10 சதவீதம்தான் நியூட்ரான் மாதிரி மின்னூட்டமில்லாத ஹாட்ரான்களில். மின்னூட்டம் உள்ளவை காந்தப் புலத்தில் வளையும், அந்த வளைவை உள்ளே இருக்கும் சிலிக்கான் தடங்காட்டி கலோரிமீட்டரைவிடத் துல்லியமாக அளக்கும். எனவே எதை எங்கே நன்றாக அளக்க முடியுமோ அங்கே அளந்து, ஒரே துகளை இரண்டு தடவை எண்ணிவிடாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். சிஎம்எஸ் ஆரம்பத்திலிருந்தே இந்த வழி, அட்லஸும் பிறகு இதற்கு வந்தது.

எந்தத் துகள் எந்த ஜெட்டைச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? பெயர் எழுதி ஒட்டியிருக்குமா?

ஒட்டியிருக்காது. ஒரு மோதலில் நூற்றுக்கணக்கான துகள்கள், எல்லாத் திசையிலும். எது எதோடு சேரும் என்பதை ஒரு விதிதான் தீர்மானிக்கிறது. ஜெட் என்பது இயற்கை பொட்டலம் கட்டித் தரும் பொருள் இல்லை, நாம் வைத்த விதியின் விளைவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்கட்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எல்எச்சியில் கிட்டத்தட்ட எல்லோரும் பயன்படுத்துவது ஆன்டி-கேடி என்ற விதி, 2008-ல் கச்சியாரி, சலாம், சோயே மூவரும் தந்தது. எல்லாத் துகள்களையும் இரண்டிரண்டாக எடுத்து ஒரு 'தூரம்' கணக்கிடுகிறோம். இருவரில் பெரியவருக்கு உந்தம் கூடுதலாக இருந்தால் அந்தத் தூரம் குறைவாக வரும்படி சூத்திரம். ஆக, பெரிய தலைகள் முதலில் தங்களைச் சுற்றி இருக்கும் சில்லறைகளைச் சேர்த்துக்கொள்ளும்; சில்லறைகள் தங்களுக்குள் கூட்டணி அமைக்க வாய்ப்பே கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட ஆரம் வரை சேர்த்த பிறகு அதை ஜெட் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைத்து, மிச்சத்தோடு மறுபடி ஆரம்பம். ஆரம் பெரும்பாலும் 0.4. கோணங்களைக் கொண்டு வரைந்த தளத்தில் ஆரம் என்பதால் மீட்டர், சென்டிமீட்டர் எதுவும் கிடையாது. நாணயத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒழுங்கான வட்டமாக ஜெட் கிடைக்கும், பின்னால் திருத்தங்கள் செய்ய அது ரொம்ப வசதி.

விதியை மாற்றினால் ஜெட் எண்ணிக்கையே மாறுமே, இது ஏமாற்று வேலை இல்லையா?

நியாயமான கேள்வி. எண்ணிக்கை மாறத்தான் செய்யும். 'இந்த மோதலில் எத்தனை ஜெட்' என்று கேட்டால் ஆரம் எவ்வளவு, குறைந்தபட்ச உந்தம் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊரில் எத்தனை தெரு என்று கேட்டால் சந்துகளையும் முடுக்குகளையும் சேர்த்தா என்று கேட்பது போல. ஏமாற்று எப்போது வரும் என்றால், அளப்பவர் ஒரு விதியையும் கணக்குப் போடுபவர் வேறொரு விதியையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடும்போது. பழைய நாட்களில் அந்தத் தொல்லை நிஜமாகவே இருந்தது, 1990-ல் அமெரிக்காவின் ஸ்னோமாஸில் உட்கார்ந்து பொது வரையறை பேச வேண்டிவந்தது.

விதி எப்படியும் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு குவார்க் போகிற போக்கில் மிக மெலிதான ஒரு குளுவானை உதிர்த்தாலோ, ஒரே திசையில் போகும் இரண்டாகப் பிளந்தாலோ, ஜெட் கணக்கு மாறக் கூடாது. மாறினால் கோட்பாட்டுக் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும், எதோடும் ஒப்பிட முடியாது. 1977-ல் ஸ்டெர்மனும் வெயின்பெர்க்கும் முன்வைத்த வரையறையின் சாரமே இதுதான். ஆனாலும் கூம்பு வரைந்து ஜெட் எடுத்த பழைய முறைகளில் பல இந்தச் சோதனையில் தோற்றவை. கணினியில் வேகமாக ஓடுகிறது என்பதற்காகவே பல வருடம் ஓட்டினார்கள். ஆன்டி-கேடி இதில் தேறியது.

ஒரே சமயத்தில் ஐம்பது மோதல் நடக்கிறதாமே, அப்புறம் எந்த ஜெட் எந்த மோதலில் வந்தது?

கற்றை கொத்துக் கொத்தாக ஓடுகிறது. ஒவ்வொரு கொத்திலும் சுமார் பத்தாயிரம் கோடி புரோட்டான்கள், 25 நானோ நொடிக்கு ஒருமுறை எதிர்க் கொத்தோடு குறுக்கிடல். 2015 முதல் 2018 வரை ஒரு குறுக்கிடலில் சராசரியாக முப்பது, நாற்பது மோதல்கள், 2022-க்குப் பின் ஐம்பதையும் தாண்டியது. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் ஒன்றே ஒன்று. மற்றவை தேர்த் திருவிழாவில் நம்மைச் சுற்றி நிற்கும் கூட்டம்.

மின்னூட்டம் உள்ள துகள் என்றால் தடத்தைப் பின்னோக்கி நீட்டி எந்த மோதல் புள்ளியில் பிறந்தது என்று பார்த்து, நம்முடையது இல்லையென்றால் தள்ளிவிடலாம். மின்னூட்டம் இல்லாததற்கு அந்த வசதி கிடையாது. அதற்கு வேறு வழி: ஜெட் இல்லாத இடங்களில் சதுர அலகுக்கு எவ்வளவு குப்பை ஆற்றல் விழுந்திருக்கிறது என்று பார்த்து, ஜெட்டின் பரப்பளவால் பெருக்கி, கழித்துவிடுவது. ஜெட் ஒழுங்கான வட்டமாக இருப்பது வசதி என்றேனே, அது இங்கே பயன்படுகிறது.

எல்லா மோதலையும் பதிவு செய்து வைக்கிறார்களா?

முடியாது. நொடிக்கு 4 கோடிக் குறுக்கிடல்கள். முதல் கட்டத்தில் மின்னணுச் சுற்றுகள் அதை நொடிக்குச் சுமார் ஒரு லட்சமாகக் குறைக்கின்றன, அடுத்து கணினிக் கூட்டம் ஆயிரத்துச் சொச்சமாக. மற்றது எல்லாம் போனது போனதுதான். குறைந்த உந்த ஜெட்கள் மலிந்து கிடப்பதால் அவற்றில் நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று வேண்டுமென்றே விட்டுவிட்டு எடுத்து, பிற்பாடு அதே எண்ணால் பெருக்கிக்கொள்வார்கள். உயர் உந்த ஜெட் அபூர்வம், அதில் ஒன்றையும் விடுவதில்லை.

ஒரு சதவீதப் பிழைக்கு ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறார்கள்? மளிகைக் கடைத் தராசே அவ்வளவு சரியாக இருக்காதே!

ஜெட் அளவீட்டில் தலைவலி என்றால் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். உந்தம் கூடக் கூட ஜெட் எண்ணிக்கை தலைகுப்புற விழுகிறது. தோராயமாக உந்தம் இரட்டித்தால் எண்ணிக்கை 64-ல் ஒன்றாகும் என்று வையுங்கள். 100 ஜிஇவியிலிருந்து 2 டிஇவி வரை போனால் கோடி மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். இப்படிப்பட்ட சரிவில் உங்கள் தராசு 1 சதவீதம் கூட்டிக் காட்டினால், கீழே குவிந்து கிடக்கும் பெருங்கூட்டம் மொத்தமாக ஒரு படி மேலே ஏறும். மேல் படியில் இருப்பவர்களோ ஏற்கெனவே சொற்பம். எண்ணிக்கையில் பிழை 1 சதவீதம் இல்லை, 5 சதவீதம். உந்தம் மிக உயர்ந்த பகுதியில் சரிவு இன்னும் செங்குத்து, அங்கே 10 சதவீதம் வரைகூடப் போகும்.

இது தராசு ஒரே பக்கமாகச் சாய்ந்தால். சாயாமல் முன்னும் பின்னும் ஆடினாலும் தொல்லைதான். 100 ஜிஇவி ஜெட்டை அளந்தால் 10 சதவீதம் போல மேலும் கீழும் சிதறும். மேலிருந்து கீழே விழுபவர்களைவிடக் கீழிருந்து மேலே வருபவர்கள் பல மடங்கு அதிகம், ஏனென்றால் கீழேதான் கூட்டம். ஆகவே நடுநிலையாக ஆடும் தராசுகூட எண்ணிக்கையை ஒரு பக்கமாக ஏற்றிக் காட்டும். இதை முதல் தடவை கேட்கும்போது எனக்கும் நம்பிக்கை வரவில்லை, தாளில் ஒவ்வொரு உந்த வரம்புக்கும் ஒன்றாக நாலு பெட்டி போட்டுக் கணக்குப் பார்த்த பிறகுதான் வந்தது.

சரி, தராசு சரி என்று எதை வைத்துச் சொல்வது? ஜெட்டுக்கு எடைக்கல் உண்டா?

உண்டு. குறுக்கு உந்தம் இருபுறமும் ஈடாக வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா? ஒரு ஜெட்டுக்கு எதிரே ஒரு ஃபோட்டானோ, இசட் போசான் என்ற கனமான துகளோ மட்டும் போகும் நிகழ்வுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். இசட் இரண்டு எலெக்ட்ரானாகவோ இரண்டு மியூவானாகவோ (எலெக்ட்ரானின் கனத்த உறவுக்காரர்) சிதைந்தால் அவற்றை ஜெட்டைவிடப் பல மடங்கு துல்லியமாக அளக்கலாம். ஆக இசட்தான் எடைக்கல், எதிரே இருக்கும் ஜெட்தான் கத்திரிக்காய்.

உந்தம் ஒரு டிஇவிக்கு மேல் போனால் அப்படிப்பட்ட இசட் கிடைப்பது அரிது. அங்கே ஏற்கெனவே எடை பார்த்த சிறு ஜெட்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு தட்டிலும், பெரிய ஜெட்டை மறு தட்டிலும் வைத்துப் படிப்படியாக ஏறுகிறார்கள். இவ்வளவும் செய்தபின் சில நூறு ஜிஇவி ஜெட்டுக்கு, கருவியின் நடுப்பகுதியில், பிழை 1 சதவீதம் அளவுக்கு வருகிறது. சாதாரணச் சாதனை இல்லை.

சிதறலால் வந்த கோளாறை எப்படித் திருத்துவது? இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துவிட மாட்டார்களா?

இதற்கு அன்ஃபோல்டிங் என்று பெயர், மடித்ததை விரிப்பது மாதிரி. முதலில் கணினியில் கோடிக்கணக்கான போலி மோதல்களை உண்டாக்கி, உண்மையில் இந்தப் பெட்டியில் இருந்த ஜெட் அளக்கும்போது எந்தெந்தப் பெட்டியில் போய் விழுகிறது என்று ஒரு அட்டவணை தயாராகும். பிறகு நிஜத் தரவை வைத்து அந்த அட்டவணையைத் தலைகீழாக ஓட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாக்கினால் சிறு ஏற்ற இறக்கங்கள்கூடப் பூதாகரமாகி, பக்கத்துப் பெட்டிகள் மாறி மாறிக் குதிக்கும். அடக்கிப் பிடித்தாலோ போலி மோதலில் நாம் முதலில் போட்ட ஊகமே விடையாகத் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான் ஆய்வுக்குழுக் கூட்டங்களில் மணிக்கணக்கில் சண்டை.

திருத்திய விடை எதைக் குறிக்கிறது என்பதும் முக்கியம். குவார்க்கை இல்லை. கருவி இல்லாமல், வெறும் துகள்களாகப் பார்த்தால் ஜெட் எப்படி இருந்திருக்குமோ அதை. கருவியால் வந்த கோளாறை நீக்குவது நம் பொறுப்பு, குவார்க் எப்படிக் கூட்டமானது என்பதைச் சொல்வது கோட்பாட்டின் பொறுப்பு.

கடைசியில் 'இத்தனை பிகோபார்ன்' என்கிறார்களே, அது என்ன?

பார்ன் என்பது பரப்பளவு: ஒரு சதுர சென்டிமீட்டரை 24 தடவை பத்தால் வகுத்தால் வருவது. பிகோ அதிலும் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வகை மோதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை, இலக்கு எவ்வளவு பெரியது என்ற பாணியில் சொல்கிறார்கள். எண்ணிய ஜெட்களை, எவ்வளவு கற்றை குறுக்கிட்டது என்ற அளவால் வகுத்தால் இது கிடைக்கும்.

அந்த வகுக்கும் எண்ணை அளக்க சைமன் வான் டெர் மீர் 1968-ல் ஒரு வழி சொன்னார்: ஒரு கற்றையை மற்றதன் குறுக்கே மெல்ல நகர்த்தி, மோதல்கள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பார்த்தால் கற்றையின் அகலம் தெரியும். இன்றும் எல்எச்சியில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிறார்கள்.

கோட்பாட்டோடு பொருந்தவில்லை என்றால் புது இயற்பியல் கண்டுபிடித்தாகிவிட்டது, அப்படித்தானே?

1996-ல் பலரும் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். சிகாகோ அருகே ஃபெர்மிலாபில் 1.8 டிஇவி மோதல்களில் சிடிஎஃப் குழு எண்ணிப் பார்த்தபோது, 200 ஜிஇவிக்கு மேல் ஜெட்கள் கணக்கில் வந்ததைவிட அதிகமாக இருந்தன. குவார்க்குக்கு உள்ளேயும் ஏதோ இருக்கிறதோ என்ற பேச்சு செய்தித்தாள்வரை போனது. அளவீட்டில் தவறில்லை. கோட்பாட்டுச் சமன்பாட்டிலும் தவறில்லை. நடுவில், புரோட்டானின் உந்தத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் குளுவான்கள் எத்தனை இருக்கின்றன என்ற உள்ளீட்டில்தான் ஓட்டை. அது யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் குளுவான் அளவைக் கொஞ்சம் உயர்த்தியதும் மிகுதி காணாமல் போனது, மற்ற பழைய தரவுகளுக்கும் அதனால் பங்கம் வரவில்லை.

அதனால்தான் இப்போது ஜெட் படங்களில் கோட்பாட்டை ஒற்றைக் கோடாகப் போடாமல் அகலமான பட்டையாகப் போடுகிறார்கள். அந்தப் பட்டையின் அகலத்தைப் பார்க்காமல் 'முரண்பாடு' என்று கூவும் தலைப்புகளை நான் படிப்பதில்லை.

அந்தக் குளுவான் அளவே ஜெட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்களாமே? அப்புறம் ஜெட் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது என்று சொல்வது கண்ணாடியைப் பார்த்துக் கைகுலுக்குவது மாதிரி இல்லையா?

நல்ல பிடி. ஒரே தரவை வைத்து உள்ளீட்டையும் சரிசெய்து, அதே தரவைப் புது இயற்பியல் தேடவும் பயன்படுத்தினால், புதியதாக ஏதாவது இருந்தாலும் அதை உள்ளீடு விழுங்கிவிடும். இந்த ஆபத்து உண்மையானது, ஆட்கள் அதைத் தெரிந்துதான் வேலை செய்கிறார்கள். தப்பிக்கும் வழி, ஒரே கேள்வியைப் பல இடத்தில் கேட்பது. குளுவான் மிகுதி என்றால் அது ஹாம்பர்க்கின் ஹெரா வளையத்தில் எலெக்ட்ரான்-புரோட்டான் மோதலிலும், டாப் குவார்க் ஜோடி உற்பத்தியிலும், வேறு மோதல் ஆற்றலிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். புது விசை என்றால் அது ஜெட் பறக்கும் கோணத்தையும் மாற்றும். குளுவான் அளவை மாற்றினால் கோணம் பெரிதாக அசையாது. அதனால் கோணப் பரவலைத் தனியாக அளக்கிறார்கள்.

ஒரு படி மேலே போய், குளுவான் அளவையும் வலுவிசையின் வலிமையையும் புதிய விசை இருக்கும் வாய்ப்பையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பொருத்துவதும் உண்டு, சிஎம்எஸ் 13 டிஇவி ஜெட் தரவில் அப்படிச் செய்திருக்கிறது. வலுவிசையின் வலிமை இசட் போசானின் நிறையளவு ஆற்றலில் சுமார் 0.118, ஆற்றல் கூடக் கூடக் குறையும். 1973-ல் கிராஸ், வில்செக், பொலிட்சர் சொல்லி 2004-ல் நோபல் வாங்கிய விஷயம் இது. டிஇவி அளவு வரை அது அப்படியே இறங்கிப் போவதை ஜெட் தரவில் பார்க்கலாம்.

ஒரு ஜெட்டைப் பார்த்து இது குவார்க், இது குளுவான் என்று சொல்ல முடியுமா?

தனி ஒரு ஜெட்டைக் காட்டிக் கேட்டால், பந்தயம் கட்டலாமே தவிர சத்தியம் செய்ய முடியாது. குளுவான் ஜெட்டில் துகள்கள் அதிகம், கூட்டம் கொஞ்சம் அகலமாகப் பரந்திருக்கும். ஆயிரம் ஜெட்டைக் கொடுத்தால் எத்தனை சதவீதம் எது என்று ஓரளவு சொல்லலாம். கனமான குவார்க் வகைகளில் ஒன்றான பி குவார்க் மட்டும் தனி ரகம்: அதிலிருந்து பிறக்கும் ஹாட்ரான் சில மில்லிமீட்டர் ஓடிய பிறகே சிதையும், தடங்கள் மோதல் புள்ளியிலிருந்து விலகித் தொடங்குவதை வைத்து அடையாளம் காணலாம்.

இதையெல்லாம் நானே வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

முடியும். செர்ன் 2014 முதல் திறந்த தரவுத் தளத்தில் நிஜ மோதல் தரவுகளை வெளியிடுகிறது, சிஎம்எஸ் கொடுத்தது ஏராளம். ஜெட் சேர்க்கும் ஃபாஸ்ட்ஜெட் மென்பொருளும் இலவசம். முதலில் ஒரே நிகழ்வை எடுத்து ஆரம் 0.4 வைத்து ஒரு தடவை, 0.8 வைத்து ஒரு தடவை ஓட்டி, எத்தனை ஜெட் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்ச உந்தத்தை 20 ஜிஇவி என்று வைக்க மறந்துவிட்டால் நூற்றுக்கணக்கில் ஜெட் வந்து திரையை நிரப்பும். என்னிடம் வந்த அவசரச் சந்தேகங்களில் பாதி அதுதான்.